கோட்டை திறந்த வெள்ளிக்கிழமை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாதிக்கிடமிருந்து அந்தச் செய்தி வந்தபோது, அதை அனுப்பியது சாதிக் இல்லை, அவனுடைய எண்ணைக் களவாண்ட எவனோ ஒருவன் என்றுதான் நம்பினேன்.

"மாப்ள, கோட்டை மறுபடி திறக்குது. வெள்ளிக்கிழமை மூணரை. வர்றியா?" என்று இருந்தது. கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க். பெருநாளுக்கு அவன் ஒரு வாழ்த்துப் படம், பொங்கலுக்கு நான் ஒரு வாழ்த்துப் படம் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்த நட்பு எங்களுடையது. அப்படிப்பட்டவன் திடீரென்று நேரம் குறித்து லிங்க் அனுப்பினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் போனை அணைத்தேன், சிம்மைக் கழற்றினேன், இரண்டையும் அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். நனைந்த போனைத்தான் அரிசியில் போடுவார்கள் என்றாள் மனைவி. பயந்த போனுக்கும் அதுதான் வைத்தியம் என்றேன்.

மறுநாள் தைரியம் வந்து போனைத் தோண்டி எடுத்தேன். திருடனைப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பில் ஒரு கேள்வி அனுப்பினேன். "நீ சாதிக்தான்னா, மூணாம் நம்பர் கேபின்ல என்ன விசேஷம், சொல்லு."

உடனே பதில் வந்தது. "சேருக்கு ஒரு கால் கிடையாது. செங்கல் முட்டு குடுத்திருந்த. அதுல உக்காந்து எனக்கு முதுகு கோணிப் போச்சு. போதுமா?"

அவனேதான். செங்கல் என்று படித்ததும் எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது. ஈரத் தரைவிரிப்பு, ஏசியின் பூஞ்சை, அதை மறைக்க நான் ஏற்றிவைக்கும் ஊதுபத்தி, கீபோர்டு இடுக்கில் விழுந்த முறுக்குத் தூள் எல்லாம் கலந்த வாசனை. மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர் அது. நான் அங்கே மேனேஜர். மேனேஜர் என்றால் காலையில் பெருக்குவது, கம்ப்யூட்டர்களை உயிர்ப்பிப்பது, திரைச்சீலையை ரொம்பவும் இழுத்து மூடிக்கொள்ளும் கேபின் பக்கம் போய் இருமுவது. கரண்ட் போனால் யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும். அது கத்தி முடிப்பதற்குள் எல்லாரும் செய்கிற வேலையைச் சேமித்துவிட வேண்டும். இன்றைக்கும் எங்காவது அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாக எதையாவது சேமிக்கத் தேடுகிறது.

கோட்டை என்பது அங்கே நாங்கள் விளையாடிய ஆன்லைன் விளையாட்டு. அதன் உண்மைப் பெயர் எங்கள் வாய்க்கு ஒத்துவரவில்லை. முதல் படத்தில் கோட்டை இருந்தது, அதனால் கோட்டை. ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு, முதலில் பன்றிகளை அடித்து, பிறகு பூதங்களை அடித்து, மெல்ல மெல்லப் பெரிய ஆளாவது. சாதிக் அப்போது பெரிய கடைத்தெருவில் அவன் அத்தாவின் ஜவுளிக் கடையில் இருந்தான். லாரி ஆபீஸுக்குப் பார்சல் போடப் போகிறேன் என்று கிளம்புகிறவன் எங்கள் மாடிப்படி ஏறிவிடுவான். கோட்டைக்குள் அவன் வைத்தியன், நான் வாள்வீரன். யோசிக்காமல் பன்றிக் கூட்டத்துக்கு நடுவில் போய் விழுவது என் பழக்கம். பின்னாலிருந்து மருந்து போட்டு உயிர் கொடுப்பது அவன் பழக்கம். "முன்னால ஓடாதடா" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஆனால் பன்றி அடிப்பது சாக்குதான் என்பது இப்போது புரிகிறது. தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதன் எதையும் சொல்லிவிடுகிறான். அவன் அக்கா கல்யாணம் நின்று போனதை அங்கேதான் சொன்னான். என் அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் விரலை எடுத்ததை நான் அங்கேதான் சொன்னேன். வெளிநாட்டுக்குப் போவதைக்கூட, "விசா வந்துருச்சுடா. எடது பக்கம் பாரு, பெருசா ஒண்ணு வருது" என்று ஒரே மூச்சில் சொன்னவன் அவன்.

அவன் போனான். கொஞ்ச நாளில் கோட்டையை மூடினார்கள். நான் ஊருக்குத் திரும்பி, திருவிடைமருதூர் பக்கம் அப்பாவின் நிலத்தையும் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையையும் பார்த்துக்கொண்டேன். போனில் பேசினோம். சாப்பிட்டியா, அங்க மழை உண்டா என்பதற்கு மேல் இரண்டு பேருக்கும் நாக்கு நகரவில்லை. பேச்சு படங்களாகச் சுருங்கியது அப்படித்தான்.

அதனால்தான் அவனுடைய அடுத்த செய்தி என்னைக் கலக்கியது. "ஒரு விஷயம் சொல்லணும் மாப்ள. போன்ல வேணாம். அங்க வா." ரூமில் கூட இருக்கும் பையனின் லேப்டாப்பாம். அவன் நேரத்துக்கு நாலு மணி, நம் நேரத்துக்கு ஐந்தரை வரைதான் கிடைக்குமாம்.

எனக்குக் கற்பனை கொஞ்சம் தாராளம். கிட்னி என்று நினைத்தேன். ஜெயில் என்று நினைத்தேன். அங்கேயே இன்னொரு குடும்பமோ என்று நினைத்து, அவன் மனைவி ஆயிஷாவிடம் என்ன பொய் சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அவன் இல்லை, அறுவடை மெஷின் ஓட்டும் செல்வம். ஆத்தூர்க்காரர். "சார், மூணு மணிக்கு உங்க வயல்ல வண்டிய எறக்குறேன். ஆள் நிக்கணும். இல்லேன்னா அடுத்த வயலுக்குப் போயிடுவேன், அப்பறம் கோச்சுக்கக் கூடாது."

குறுவை நெல் பழுத்துச் சாய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே வானம் அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்திருந்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் மகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். எங்கள் பக்கம் வாய்க்கால் மதகின் மேல் மட்டும்தான் சிக்னல் நிற்கும். மதகுக் கட்டையில் உட்கார்ந்து, குடையைச் செருகி, குடைக்காம்பில் போனைக் கட்டி ஹாட்ஸ்பாட் போட்டேன். அந்தக் கோலத்தைப் பார்த்த செல்வம் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் மறுபடி ஓட்டினார். நல்ல மனிதர்.

மூன்றரைக்குக் கோட்டை திறந்தது. திறந்தது என்றால், வாசலில் ஒரு வரிசை. உனக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர், காத்திரு என்றது திரை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள்கணக்கில் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து பழகியவன் நான். கொஞ்சம் அசந்தால் பின்னால் இருப்பவன் முன்னால் வந்துவிடுவான் என்று கண்ணை எடுக்காமல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தும்மல் வந்ததைக்கூட அடக்கினேன்.

அப்போதுதான் பக்கத்து வயல் கலியபெருமாள் அண்ணன் மொபெட்டில் வந்தார்.

"என்ன தம்பி, லேப்டாப்பெல்லாம் பலமா இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. க்யூல இருக்கேன்."

"ஆன்லைன்லயா?"

"ஆமாண்ணே. தொறந்துட்டாங்க. ஆள் ஜாஸ்தி."

அவர் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். என் நெல்லைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "கொள்முதல்ல நெல்லு போடுற டோக்கனா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் பன்றி அடிக்கக் காத்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அது மாதிரிதாண்ணே" என்றேன்.

அண்ணன் போனை எடுத்தார். செல்வம் வயலில் இரண்டு சுற்று வருவதற்குள் மதகைச் சுற்றிக் கூட்டம். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறையில் சிட்டா, அடங்கல், ஆதார்.

"என்னுதையும் சேத்துப் போட்டு வுடுங்க."

"இவ்ளோ ஆயிரம் பேரா? இந்த ஜில்லாவுல இத்தன பேரு அறுக்கவே இல்லையே."

"பக்கத்து ஜில்லாக்காரனும் உள்ள பூந்துருப்பான். அவனுங்களுக்கு எப்பவும் மொதல்ல தெரிஞ்சிடும்."

எனக்கு வியர்த்து ஊற்றியது. எண் குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறையக் கூட்டம் நெருங்கியது. என் கழுத்தில் மூன்று பேருடைய மூச்சு. போன் கொதித்தது. வெளியே போகவும் முடியாது, போனால் சாதிக் போய்விடுவான்.

நாலே முக்காலுக்குத் திரை ஒரு தடவை கறுத்து, வயல்வெளி முழுக்கக் கேட்கும்படி போர்முரசு முழங்கியது. நாரைகள் பறந்தன.

"டோக்கனுக்கு மேளமெல்லாம் அடிக்கிறான்யா" என்றார் ஒருவர்.

பச்சைப் புல்வெளியில் கையில் குச்சியோடு நான் நின்றேன். பழைய வாளும் இல்லை, கவசமும் இல்லை. எல்லாரும் முதலிலிருந்து. கலியபெருமாள் அண்ணன் குனிந்து பார்த்தார். "யாரு தம்பி இது, தடி வச்சிக்கிட்டு? கொள்முதல் ஆபீஸரா?"

பதில் சொல்வதற்குள் திரையின் கீழே ஒரு வரி ஓடியது. "முன்னால ஓடாத. பின்னாடிதான் நிக்கிறேன்." திரும்பினேன். வெள்ளை அங்கியில் ஒரு வைத்தியன், தலைக்கு மேல் சாதிக் என்ற பெயரோடு.

பன்றி அடித்தோம். ஒரு பன்றி முளைத்தால் நூறு குச்சி விழுகிற நெரிசல். அண்ணனுக்கு என்ன புரிந்ததோ, "அந்தா, எடது கைப்பக்கம் ஒண்ணு வருது, வுடாத" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஐந்து மணி தாண்டியது. பிறகு, ஒரு பன்றிக்கும் அடுத்த பன்றிக்கும் நடுவில், ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

"வேலை போச்சு மாப்ள. ரெண்டு மாசம் ஆச்சு. வீட்ல சொல்லல."

என் காதுக்குப் பக்கத்தில் அண்ணன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். "வே... லை..." கலியபெருமாள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் துணி எடுப்பது அந்த ஜவுளிக் கடையில்தான், இப்போது அதை நடத்துவது சாதிக்கின் அண்ணன். அவர் இரண்டாவது சொல்லுக்குப் போனால், மறுநாள் காலையில் கடைத்தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். நான் லேப்டாப்பைப் பாதி மூடினேன்.

"சர்வர் டவுன்ணே. இன்னிக்கு அவ்ளோதான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். "அந்த ஆபீஸர் நல்லாத்தானே அடிச்சிக்கிட்டிருந்தாரு" என்று அண்ணன் மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பொய் எனக்குப் பழைய தொழில். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் நாளில் எங்கள் மாடிப்படி வரைக்கும் பிள்ளைகள் நிற்பார்கள். எல்லாருடைய எண்ணையும் நான்தான் அடித்துப் பார்ப்பேன். தேறாத எண் வந்தால் முகத்தில் எதையும் காட்டாமல் "சர்வர் டவுன், அப்பறம் வாங்க" என்று கூட்டத்தை இறக்கிவிட்டு, அந்த ஒரு பிள்ளையை மட்டும் இருக்கச் சொல்லுவேன். அவ்வளவு கம்ப்யூட்டரோடு பழகி நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

மூடியைத் திறந்தபோது அவன் தனியாகப் பன்றி அடித்துக்கொண்டிருந்தான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பேன். அன்றைக்கு நேராகவே கேட்டேன்.

"ஆயிஷாகிட்ட எப்ப சொல்லப் போற?"

"சொல்லணும். எப்படின்னு தெரியல."

"எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு."

"அங்க பன்னி இல்லயேடா."

ஐந்தரைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முதல் தூறல் குடையில் விழுந்தது. "இப்பவே போனைப் போடு. உன் வைத்தியன் இங்கேயே நிக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்று அடித்தேன்.

வைத்தியன் அசையாமல் நின்றுவிட்டான்.

சும்மா நிற்பவனையும் வந்து முட்டுகிற பன்றிகள் அவை. நான் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக அடித்தேன். என் உயிர் குறைந்தது, மருந்து போட ஆளில்லை. தூறல் வலுத்தது. வயலில் செல்வம் கடைசி வரிசையை அறுத்துக்கொண்டிருந்தார். பாட்டரி சிவப்புக்கு வந்தது. மழை சாரலாக லேப்டாப்பில் விழ, நான் குனிந்து என் சட்டையால் அதை மூடிக்கொண்டு, தடவித் தடவி அடித்துக்கொண்டே இருந்தேன். பேசுகிறானா, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா, தெரியவில்லை. அவன் மேல் ஒரு பன்றியும் படவில்லை. அதை மட்டும் சொல்ல முடியும்.

ஐந்தரைக்கு வைத்தியன் மறைந்தான். லேப்டாப்புக்குச் சொந்தக்காரன் வந்திருப்பான்.

நெல் டிராக்டர் பெட்டிக்குள் ஏறித் தார்ப்பாய் போட்ட பிறகுதான் மழை கொட்டியது. கூட்டத்திடம் டோக்கன் விஷயத்தை ஒப்புக்கொண்டு ஒரு வாரம் திட்டு வாங்கினேன். கலியபெருமாள் அண்ணன் மட்டும் எங்கே பார்த்தாலும், "இன்னிக்கு எத்தன பன்னி?" என்கிறார். கோட்டை இப்போதும் திறந்திருக்கிறதாம். வரிசையே இல்லையாம், புல்வெளியில் ஆளே கிடையாதாம், மகள் பார்த்துவிட்டுச் சொன்னாள். நானும் அவனும் அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. மயிலாடுதுறை மாடியில் இப்போது மூக்குக் கண்ணாடிக் கடை. படியேறிப் போய் ஒரு கண்ணாடி வாங்கிவந்தேன். ஈரத் தரைவிரிப்பு வாசனை கொஞ்சமும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே சாதிக் வீட்டில் சொல்லிவிட்டிருந்தான். ஆயிஷா "டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டாளாம். போடவில்லை என்றானாம். அவளே போட்டாள். அடுத்த மாதம் அவன் ஊர் வந்து சேர்ந்தான்.