என் கையை விட்டுப் போகாத மனு

ஊரார் வாழ்க்கையை மூன்று பிரதிகளாக அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இரண்டு டைப்ரைட்டர்கள்; ஒன்றில் ராஜமாணிக்கம், இன்னொன்றில் நான். எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். நல்ல வேலை கிடைக்கும்வரை என்று உட்கார்ந்தவன் மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். லால்குடிப் பக்கத்தில் வயல் பார்க்கும் அப்பா, ஊருக்குப் போனால் வேலை உத்தரவு வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்பார். மனு எழுதிக் கிழித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அந்த ஆடியில், நகரத்துக்கு வெளியே புதிதாக வந்த தொழிற்சாலைக்குக் குமாஸ்தாக்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். ஆவணியில் எனக்கு இருபத்தைந்து முடிகிறது. மனுக் கொடுக்க மூன்று வாரம் இருந்தது. இதை விட்டால் அடுத்த விளம்பரத்துக்கு நான் கிழவன்.

ஏழாவது தாள்

என் மனுவில் ஓர் எழுத்து மங்கலாக விழுந்தது. ரப்பரால் அழித்தால் தழும்பு தெரியும் என்று புதுத் தாள் போட்டேன். அதில் ஓரம் கோணல். அடுத்ததில் கையெழுத்துக்கு இடம் போதவில்லை. வாடிக்கையாளர் மனுவாக இருந்தால் இதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டேன். நாலு நாள் போயிற்று. ஏழாவது தாளை உருவியபோது ராஜமாணிக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பி.ஏ., மனு போடறீங்களா, இல்ல உங்க கல்யாணப் பத்திரிகை அடிக்கிறீங்களா?"

தீனி எடுக்காத மாடு

சான்றிதழ் நகல்களில் அரசாங்க அதிகாரி ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் கால்நடை டாக்டர் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுப்பார் என்றார்கள். மூன்று நாள் வாசல்வரை போய்த் திரும்பினேன். நாலாம் நாள் பசுக்களோடு வரிசையில் நின்றேன். மாட்டுக்கு என்ன என்று அவர் நிமிராமல் கேட்டார். கையில் நகல்களை வைத்துக்கொண்டே, இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாட்டைக் கூட்டிட்டு வாங்க தம்பி. உங்களைப் பார்த்து நான் மருந்து எழுத முடியாது."

துறையூர் பஸ்

கடைசியில் ராஜமாணிக்கமே நகல்களை எடுத்துப் போய், அதே டாக்டரிடம் ஒரு மணி நேரத்தில் கையெழுத்து வாங்கி வந்தார்.

அன்றுதான் பச்சைமலை அடிவாரத்திலிருந்து பெரியசாமி வந்தார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். அதே வேலைக்கு மனு அடிக்க வேண்டும். அரை மணியில் அடித்து முடித்தேன். கடைசி வரியில் ஓர் எழுத்துத் தவறு. வேறு தாளில் அடித்துத் தருகிறேன் என்றேன். அவர் தாளை மெல்ல என் கையிலிருந்து உருவிக்கொண்டார்.

"படிச்சவங்கதானே அவங்க, புரிஞ்சுக்குவாங்கண்ணே. எனக்குத் துறையூர் பஸ்ஸு போயிரும்."

புளியமரத்தடி

கடைசி நாள்வரை திருத்தியதில் தபாலுக்கு நேரமில்லாமல் போய், நேரிலேயே கொண்டு போனேன். ஐந்து மணிவரை வாங்குவார்கள். நாலுக்கே போய்விட்டேன். கையெழுத்துப் போட்டேனா என்று ஒரு சந்தேகம். வாசலுக்கு எதிரே மரத்தடியில் உறையைப் பிரித்தேன்; போட்டிருந்தேன். ஒட்டினேன். நகல்கள் எல்லாம் இருக்கின்றனவா? மறுபடி பிரித்தேன், இருந்தன. உறை கிழிந்தது. புது உறைக்குக் கடை தேடி ஓடி, விலாசம் எழுதி, அதையும் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. காவலாளி என்னையே பார்த்தார்.

"நாலு மணிக்கே உங்களை அங்க பார்த்தேனே சார். அப்பவே கொடுத்திருக்கலாமே?"

ஒப்புதல் கடிதம்

தை மாதம் பெரியசாமி மறுபடி வந்தார். வேலை உத்தரவு வந்திருந்தது. ஒப்புக்கொண்டு பதில் அடிக்க வேண்டும். பத்தே நிமிஷத்தில், பிழையில்லாமல், முதல் தாளிலேயே முடித்தேன். நானும் அதே வேலைக்கு மனு அடித்தவன் என்பது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்க கை ராசியான கைண்ணே. என் தங்கச்சி மனுவையும் உங்ககிட்டதான் கொண்டாருவேன்."

ராசியான கைதான், பிடித்ததை விடத்தான் அதற்குத் தெரியவில்லை.