கத்துவதற்கென்றே வைத்த தகடு

வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில்தான் எங்கள் வண்டி கீச்சிட ஆரம்பித்தது. ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய எஸ்.யூ.வி. பிரேக்கை மெல்ல மிதித்தால் போதும், இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து கரும்பலகையில் நகம் பட்டதுபோல ஒரு சத்தம் வரும். எனக்குப் பல் கூசும். ஓட்டுகிற என் கணவரோ ஒன்றுமே நடக்காததுபோல வருவார்.

"ஏங்க, அந்தச் சத்தம் என்னன்னு பாக்கக் கூடாதா?"

"எந்தச் சத்தம்? ஒனக்கு மட்டும் எங்கிருந்துதான் கேக்குதோ!"

எனக்குப் பழகிய பதில்தான். அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். ஏனென்று கேட்டால், "வாய்க்குள்ளயே முணுமுணுத்தா எப்படி?" என்பார். வடமதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் காலமெல்லாம் மேஸ்திரியாக இருந்தவர். ஊரையே அதட்டிப் பேசியவருக்கு என் குரலெல்லாம் ஒரு குரலா என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

ஆனால் இந்தச் சத்தத்தை அப்படி விட முடியவில்லை. அடுத்த வாரம் மகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போவதாக இருந்தோம். இறங்கும்போது அந்த வளைவுகளில் பிரேக் கைவிட்டால்? போதாக்குறைக்கு, ஒன்று ஏன் கத்துகிறது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வண்டியைக் காட்டாமல் ஏறமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

ரெட்டியார்சத்திரம் போகிற சாலையில் இருக்கிற பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். அவர் பக்கத்தில் என் கணவர், பின்னால் நான். முதல் பிரேக்கிலேயே, "என்னண்ணே, இந்தக் கத்து கத்துது! இம்புட்டு நாளா எப்படி ஓட்டுனீங்க?" என்றார் மெக்கானிக்.

நான் எட்டி என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். தோற்ற முகத்தைப் பார்க்கிற ஆசைதான்.

"கத்துதா?" என்றார் அவர்.

வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறையில் ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். நானும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டேன். புதிய பிரேக் பேடு விரல் தடிமன் இருந்தது. கழற்றியது தேய்ந்து தேய்ந்து தோசைக் கனத்துக்கு வந்திருந்தது. அதன் ஓரத்தில் சின்னத் தகடு ஒன்று வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன, ஒடஞ்சு போச்சா?"

"இல்லக்கா, கம்பெனியிலயே வச்சதுதான். பேடு தேஞ்சா இது சக்கரத்தோட சுத்துற டிஸ்க்குல ஒரசும். கத்துறதுக்குன்னே வச்சிருக்கு."

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. யாரோ ஒருவர், ஓட்டுகிறவரின் காதை நம்பி, யோசித்து வைத்த தகடு. சுவரோரம் கழித்துப்போட்ட டிஸ்க் ஒன்று கிடந்தது. அதன்மேல் தகட்டை அழுத்தி ஓர் இழு இழுத்தேன்.

"ஐயையோ, அக்கா!" என்று மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டார். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம், தேய்ச்சுக் காட்டு," என்றார்.

இப்போதுதானே தேய்த்தேன்! அவரைக் குனியச் சொல்லி, அவர் காதருகே மறுபடியும் இழுத்தேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. பிறகு பொத்திய காதோடு நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை வருடத் தறிகெட்ட ஆலை இரைச்சல் அவர் காதிலிருந்து கீச்சுச் சத்தங்களை மட்டும் கொண்டுபோயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. இவர் என்னை அலட்சியம் செய்யவே இல்லை.

புதிய பேடுகளைப் பூட்டிச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். திரும்பும்போது வண்டி சத்தமில்லாமல் நின்றது, கிளம்பியது. "சிறுமலைக்கு நீ முன்னால உக்காரு. ஏதாச்சும் கேட்டா சொல்லு," என்றார். சரி என்றேன்.

வீட்டு வாசலில் வண்டியை அணைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. வேப்பமரத்துக் கிளையில் ஓர் அணில், ஒவ்வொரு கத்தலுக்கும் வாலை வெட்டி வெட்டித் தூக்கிக்கொண்டிருந்தது. அதையே செத்த நேரம் பார்த்தார்.

"வாலை மட்டும் எதுக்கு இப்படி ஆட்டுதுன்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "அது கத்துதா?"