இரவல் கோல்கீப்பர்

கேட்கிற விதம்

"சார், உங்க கோல்கீப்பரக் கொஞ்சம் குடுங்க" என்று அடி அண்ணாமலை அணியின் பயிற்சியாளர் கேட்டபோது, நான் குனிந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். காப்பிப்பொடி கேட்கிற குரல். சிறுவர் கால்பந்தில் விளையாடச் சொல்லித்தருவது பாதி வேலை. மற்ற அணிகளுக்கு ஆள் தருவது மீதி. அப்படிப் போகிறவருக்கு கெஸ்ட் பிளேயர் என்று மரியாதையான பெயரும் உண்டு. மிக்ஸியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சட்னி இல்லாமல் இட்லி தின்றவர்களுக்கு என் நிலைமை புரியும்.

வேங்கிக்காலில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு நான் பயிற்சியாளன். வினோதினி எங்கள் கோல்கீப்பர். உயரம் கம்மி; ஆனால் பந்து அவள் கைக்குப் போனால் போனதுதான். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"எங்களுக்கு அந்த ஒன்னும் இல்லையே சார்" என்றார்.

பௌர்ணமி ஆட்டம்

கேட்டதற்குக் காரணம் இருந்தது. யாரோ வெளியூர்க்காரர் பௌர்ணமியன்று ஆட்டம் வைத்துவிட்டார். அன்று அடி அண்ணாமலைப் பெண்களில் பாதிப் பேர் வீட்டுக் கடையில் கிரிவலக் கூட்டத்துக்கு எலுமிச்சை ஜூஸ் பிழிந்துகொண்டிருப்பார்கள், கோல்கீப்பர் உட்பட. வண்டி எதையும் உள்ளே விடவில்லை. வினோதினியும் அவள் அம்மாவும் கிரிவலப் பாதையிலேயே நடந்து வருவதாக ஏற்பாடு. நான் முன்னாடியே போய்விட்டேன்.

முதல் பாதி முடிந்தும் ஆளைக் காணோம். இரண்டாம் பாதியில், மைதானத்தை ஒட்டிய பாதையில், கூட்டத்தோடு கூட்டமாக அம்மா போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஷூவைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு வினோதினி. ஓடிப்போய் மறித்தேன். வினோதினி பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா நடையை நிறுத்தவில்லை.

"மலைய சுத்த ஆரம்பிச்சுட்டு பாதியில நிக்கலாமா சார்? முடிச்சுட்டு வந்துடறோம், ஆட்டத்த கொஞ்சம் நிறுத்தி வையுங்க."

யார் பக்கம்

அடுத்து வந்தவர் பிரபு. ஆசிரமத்துப் பக்கம் காபி கடை வைத்திருக்கிறார். மாலையில் செங்கம் ரோடு பெண்கள் அணியின் பயிற்சியாளர். "பிரெண்ட்லி மேட்ச்தான் சார், சும்மா ஜாலிக்கு" என்றார். சும்மா என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அனுப்பினேன். அவர்களுடைய ஆரஞ்சு ஜெர்சியில் ஆடினாள்.

பிரபுவின் கடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் மைதானத்து ஓரமெல்லாம் உட்கார்ந்திருந்தார்களாம். செங்கம் ரோடு கோல் போட்டாலும் கைதட்டல், வாங்கினாலும் கைதட்டல். மறுநாள் பயிற்சிக்கு வந்ததும் வினோதினி அதைத்தான் கேட்டாள்.

"நான் கோல் விட்டதுக்கும் எழுந்து நின்னு தட்றாங்க சார். இவங்கல்லாம் எந்தக் கட்சி?"

ஜெர்சி

அது பிரெண்ட்லி இல்லை என்பது போட்டி அட்டவணை கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. சென்னைக்குப் போகும் அணியைத் தேர்ந்தெடுக்கிற போட்டியின் முதல் ஆட்டம். என் பெண்களும் அதே போட்டியில்தான் இருந்தார்கள். அவர்களில் பலர் சென்னையைப் பார்த்ததில்லை; மழையில் சகதியிலும் வெயிலில் கட்டாந்தரையிலும் அவர்கள் ஓடியது இதற்காகத்தான். கடைசி ஆட்டம் எங்களுக்கும் செங்கம் ரோட்டுக்கும். ஜெயிக்கிறவர்களுக்குச் சென்னை.

பிரபுவைப் பிடித்தேன். "எனக்கும் பிரெண்ட்லினுதான் சார் சொன்னாங்க. பிளேயர் பேரு கேட்டாங்க, குடுத்துட்டேன்" என்றார். அவர் முகத்தில் பொய் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வினோதினியை எங்களுக்கே ஆடவிடச் சொல்லிப் போட்டி நடத்துகிறவரிடம் கெஞ்சினேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒரு தடவ அந்த ஜெர்சியப் போட்டுச்சுன்னா அது அவங்க பொண்ணு சார். நீங்க வளத்தீங்க, அது வேற."

ஒரே ஜோடி

எங்கள் கோலில் சரண்யாவை நிறுத்தினேன். தடுப்பாட்டக்காரி, பந்து வந்தால் உதைக்கத்தான் தெரியும், பிடிக்கத் தெரியாது. எப்படியோ கோல் இல்லாமல் சமன் செய்துவிட்டாள். பெனால்டி உதைகள் ஆரம்பித்தன.

சரண்யா வெறுங்கையோடு நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். எங்களிடம் இருந்த ஒரே ஜோடி கையுறை வினோதினியின் கையில். சரண்யாவின் முறை வரும்போதெல்லாம் வினோதினி அதைக் கழற்றிக் கொடுத்தாள். தன் முறைக்குத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசி உதை எங்கள் கௌசல்யாவுடையது. போட்டால் இன்னொரு சுற்று, விட்டால் முடிந்தது. கௌசல்யா எப்போதும் வலது மூலைக்குத்தான் அடிப்பாள். பயிற்சியில் தினமும் அதைப் பிடிக்கிறவள் எதிரே நின்றாள். மாற்றி அடி என்று காதில் சொல்லி அனுப்பினேன். பயத்தில் வலது மூலைக்கே அடித்தாள். வினோதினி பந்து வருமுன்பே அங்கே கிடந்தாள்.

செங்கம் ரோடு பெண்கள் துள்ளினார்கள். கௌசல்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரபு ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னா பொண்ணு சார்! சென்னைக்கும் அப்படியே குடுத்துடுங்க."

ஆளை இரவல் கொடுத்த பயிற்சியாளனுக்குக் கத்துவதற்குக்கூட ஒரு பக்கம் மிஞ்சுவதில்லை. வினோதினி அந்த ஆரஞ்சு ஜெர்சியோடே வந்து, எங்கள் பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.