இருபத்து மூன்றாவது படிவம்

2024 ஜூலை 11, வியாழக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். முதல் வேலையாகத் தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தேன். குளித்து, நான்கு இட்லி சாப்பிட்டு, கோவில்பட்டியில் ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடித்தேன். அலுவலகத்தில் விடுப்பு சொல்லியிருந்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. தொலைநிலைக் கல்வியில் நிதிப் பொருளாதாரம் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்காகக் கடம்பூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் அறுபது வீடுகளில் கேள்விப் படிவம் நிரப்ப வேண்டும். இருபத்திரண்டு முடிந்திருந்தது.

அந்த ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் என்னை முதல் நாளிலிருந்தே விடவில்லை.

“இந்த வயசுல பரிச்சையா? நான் ஒங்க பிள்ளைக்கு எழுதிக் குடுக்கீயளோன்னுல்லா நெனச்சேன்!”

சிரித்துக்கொண்டே தன் செல் நம்பரையும் தந்தார். மறுநாள் எந்த வீட்டில் ஆள் இருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

என் படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். இன்றைக்கு ஆயிரம் ரூபாய் வேண்டுமா, ஒரு வருடம் கழித்து ஆயிரத்து இருநூறு வேண்டுமா? இன்றைக்கே என்றால், பிந்திய தொகையை ஏற்றிக்கொண்டே போவேன். எந்த இடத்தில் ‘சரி, காத்திருக்கிறேன்’ என்கிறாரோ, அதை வைத்து அவர் வருங்காலத்தை எவ்வளவு மதிக்கிறார் என்று சொல்லிவிடலாம். எவ்வளவு ஏற்றினாலும் மாறாதவர்களுக்கு நானே ஒரு குறியீடு வைத்திருந்தேன்: 9, ‘கேள்வி புரியவில்லை’. அந்தப் படிவங்கள் ஆய்வில் சேராது.

இருபத்து மூன்றாவது வீடு ஊரின் மேற்குக் கோடியில். பூட்டிக் கிடந்த வீடுகளில் அலைந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொன்று ஐம்பது. ஆடிக்கு முந்தின மேல்காற்று. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வெடித்துக் கிடந்த கரிசலில் ஓர் ஆள் இல்லை. வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, யாரையோ எதிர்பார்ப்பதுபோல் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மனைவி தை மாதம் தவறியிருந்தார். வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு ஒரு விரலைக் காட்டினார்.

“ஆடு எத்தனை?”

“நேத்துவரைக்கும் பதினொண்ணு.”

நான் பூஜ்யம் போட்டேன். பிறகு முக்கியமான கேள்வி.

“இப்பவே குடுங்க” என்றார்.

ஐயாயிரம் என்றேன். பத்தாயிரம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பொறுமை இழந்து, படிவத்தில் இல்லாத தொகையைச் சொன்னேன்.

“ஒரு வருசம் கழிச்சு ஒரு லட்சம்னா?”

என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார். “ஒரு லட்சத்த யாருகிட்ட குடுப்பீய?”

“ஒங்ககிட்டதான், அண்ணாச்சி.”

“எனக்கு இப்பவேதான். எழுதிக்கிடுங்க.”

9 என்று எழுதினேன்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பானையில் மிச்சமிருந்ததை வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. ஜூலை மாதத்தில் கட்டாக இருக்க வேண்டியது ஒற்றைத் தாளாகக் காற்றில் படபடத்தது. 11. அதற்குக் கீழே அட்டைதான்.

நான் எதையும் குறித்துவைக்கிறவன். ஒவ்வொரு படிவத்தின் பின்பக்கமும் வீட்டில் பார்த்ததை எழுதுவேன். இதையும் எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மாலை ஆறு நாற்பது. வீட்டில் கணினியில் படிவங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்றைத் திருப்பினேன். என் கையெழுத்தில் மூன்று வரிகள்: ‘ஆடுகள் நேற்றோடு இல்லை. பானை கவிழ்க்கப்பட்டது. காலண்டரில் இன்றைய தாளே கடைசி.’

‘யாருகிட்ட குடுப்பீய’ என்ற குரல் என் அறைக்குள்ளேயே கேட்டது.

ஆனாலும் உடனே போன் செய்யவில்லை. காலண்டர் தாளுக்காகவா ஊரைக் கூட்டுவது, சிரிக்கமாட்டார்களா என்று தயங்கினேன். ஏழு நிமிடம். அதையும் டைரியில் எழுதிவைத்திருக்கிறேன்.

டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. பாதி சொல்வதற்குள், “வச்சிருங்க, நான் போறேன்” என்றார். சட்டி கீழே விழும் சத்தம் கேட்டது. நாற்பது நிமிடம் கழித்து அவரே அழைத்தார்.

“ஆளு இருக்காரு, அண்ணாச்சி. கதவ உள்பக்கமா பூட்டிட்டு இருந்தாரு. ஒடைக்கப் போறோம்னு சத்தம் போட்டதும் தொறந்தாரு. இப்ப எங்கடையிலதான் அழுதுக்கிட்டு உக்காந்திருக்காரு. மச்சினன் வந்துட்டாரு, கூடவே இருப்பாரு.” பிறகு சொன்னார்: “அந்தப் பரிச்சை எழுதுதவர்ட்ட நான் ஒண்ணும் சொல்லலியேங்காரு.”

என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கேள்வியை அவரைப்போல் சரியாகப் புரிந்துகொண்டவர் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

பட்டம் வாங்கிவிட்டேன். ஆய்வேட்டில் அறுபது படிவங்களும் இருக்கின்றன. 9 என்ற குறியீடு இல்லை. இன்றும் யாராவது பொருந்தாத பதில் சொன்னால், புரியாதது அவருக்கா எனக்கா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்.

அன்று போன் வந்த மறுநாள் காலை ஐந்து பத்துக்கு எழுந்ததும், முதல் வேலையாக என் காலண்டரில் பதினொன்றாம் தேதித் தாளைக் கிழித்தேன். பன்னிரண்டிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்றுவரை மிச்சமிருந்ததை அப்படியே ஆணியிலிருந்து கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நடந்தேன்.