கைராசிக்காரனின் ஆர்கிட்

எங்கள் உறவில் யார் வீடு கட்டினாலும் முதல் தென்னங்கன்றை நான்தான் வைக்க வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்தில் என் மனைவியின் அக்கா வீட்டில் நான் வைத்த கன்று இன்று குலை குலையாகக் காய்க்கிறது. மங்கலம்பேட்டையில் வைத்த கறிவேப்பிலை இரண்டாள் உயரம் வளர்ந்து, தெருவே வந்து பறித்துக்கொண்டு போகிறது. "அவுரு குச்சிய ஊணினாக்கூட மரமாயிடும், அப்படி ஒரு கைராசி" என்பார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று நான் தலையைக் குனிந்துகொள்வேன். குனிந்த தலைக்குள் எவ்வளவு பெருமை இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

வேலையில் இருந்த காலம் முழுக்கப் பதவி உயர்வு என்னைத் தாண்டித் தாண்டியே போனது. நாலு பேர் கூடிய இடத்தில் பேசத் தெரியாது. கல்யாணம் காதுகுத்து என்று போனால் "வாங்க வாங்க" என்று எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது இந்தக் கைராசியால்தான்.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். துளசிச் செடியையே பட்டுப்போக வைத்தவன். இரண்டு வருடம் முன்பு புதுச்சேரி நர்சரி ஒன்றிலிருந்து இரண்டு ஆர்கிட் செடிகளோடு கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு எனக்கு. நீங்களே தொட்டியில வெச்சிக் குடுங்க மாமா. என் கைக்கு எதுவும் வராது."

இரண்டும் ஒரே அளவு. நர்சரிக்காரர் சொன்னபடி மண் இல்லாமல் கரித்துண்டும் உடைத்த செங்கலும் போட்டு இரண்டையும் நானே வைத்தேன். அவன் தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். பாவம், ஒரு மாதம் தாங்குமா என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்தேனே தவிர, அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

என் செடியை நான் வளர்த்த விதம் ஊருக்கே பாடம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் காலையில் நடக்கப் போகிறவர்கள் ஒரு வாசலையும் விடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். புதுச்செடி மேல் நாலு பேர் கண் பட்டால் கருகிவிடும் என்று, வீட்டுக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் தொங்கவிட்டேன். அங்கே வெயிலும் எட்டாது, கண்ணும் எட்டாது. அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினேன். கரித்துண்டுகளுக்கு நடுவே ஆட்டெருவைத் தூள் செய்து திணித்தேன். இலைகள் கரும்பச்சையாகக் கொழுத்தன, பக்கத்தில் குட்டிகள் கூட வெடித்தன. பூ மட்டும் வரவில்லை.

போன தை மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் ஒரு படம் போட்டான். வளைந்த ஒரே தண்டில் ஒன்பது ஊதாப் பூக்கள்.

"பாருங்களேன், தம்பி வூட்டுப் பூவ!" என்று என் மனைவி படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். வயிறு எரிந்தது. மறைப்பானேன், அறுபது வயதுக்குமேல் ஒரு பூவைப் பார்த்து வயிறெரிந்தேன். அப்போது ஸ்ரீமுஷ்ணத்து அக்காவின் குரல் செய்தி வந்தது: "தம்பி, ஒனக்கே கைராசி வந்துடுச்சி. புது வூட்டுக்குத் தென்னங்கன்ன இனிமே நீயே வெச்சிக்க." கீழே எல்லோரும் சிரிப்புப் பொம்மைகள் போட்டார்கள். நானும் இரண்டு கட்டைவிரல்களைப் போட்டேன்.

மச்சான் சிதம்பரத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா மூன்று வாரத்தில். அக்கா விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் அவன் ஒருமுறை "நீங்க வந்து வைங்க மாமா" என்று போன் செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அதற்குள் அந்தப் பூக்கள் உதிர்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆர்கிட் பூ ஒரு மாதத்துக்குமேல் நிற்கும் என்று செல்போனில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விழாவுக்கு முதல்நாள் மதியம் சிதம்பரத்தில் அவன் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயில் செடி தொங்கிக்கொண்டிருந்தது. இலைகள் வெளுத்து மஞ்சளாக இருந்தன, ஒன்றில் பூச்சி ஓட்டை. பூக்கள் இப்போது பதினொன்று. இரண்டு முறை எண்ணினேன். ஒரு இதழாவது வாடியிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றித் தேடினேன்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் கூப்பிட்டுச் சொன்னார். "பூவு நல்லா இருக்குதுல்ல சார்? நான் தெனம் பாக்கறேன்."

அதற்குள் மச்சான் மேலே வந்துவிட்டான்.

"இங்க மாட்டுனத மறந்தே பூட்டேன் மாமா. காலையில வெயிலு, டேங்கு வழிஞ்சா தண்ணி. அவ்ளோதான். மத்ததெல்லாம் நீங்க வெச்ச கை."

வெயில்தான் விஷயம் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. இரண்டு வருடம் என் செடியை நானே இருட்டில் அடைத்து வைத்திருக்கிறேன்.

"அக்கா பேச்ச வுடுங்க. நான் வெச்சா அது முளைக்குமா? தென்னங்கன்னு வாங்கியாச்சி. காலையில நீங்கதான் வெக்கணும். இத சொல்லிக் கூப்புடணுமான்னுதான் போன்கூட பண்ணல."

மூன்று வாரமாக எதற்காக எரிந்துகொண்டிருந்தேனோ அதை அவன் ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டான். எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடிகிறதே இவனால் என்று அதற்கும் பொறாமையாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மச்சான் மனைவி கையில் உப்பு மிளகாயோடும், இரும்புச் சட்டியில் நெருப்போடும் மாடிக்கு வந்தாள். பின்னாலேயே வீட்டில் இருந்த எல்லோரும் ஏறி வந்தார்கள்.

"அண்ணே, கெழக்க பாத்து ஒக்காருங்க. இந்தப் பூவையும் ஒங்க கையையும் பாத்து எத்தினி பேரு பொறாமப்பட்டாங்களோ. ரெண்டுக்கும் சேத்து சுத்திப் போட்டுடறேன்."

மச்சான் செடியைக் கழற்றி என் மடியில் வைத்தான். பூக்கள் என் முகவாயில் இடித்தன. ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு என்று சொல்லிக்கொண்டே அவள் மூன்று சுற்றுச் சுற்றினாள். துப்பச் சொன்னாள், மூன்று முறை துப்பினேன். நெருப்பில் கொட்டினாள்.

மிளகாய் நெடி ஏறி எல்லோரும் இருமினால் கண் படவில்லை என்பார்கள். நெடியே வராவிட்டால் பலமாகப் பட்டிருக்கிறது என்பார்கள். மிளகாய்கள் வெடித்தன, கருகின, புகைந்தன. ஒருவருக்கும் இருமல் வரவில்லை. நான் இருமிப் பார்த்தேன். பொய் இருமல் என்று எனக்கே தெரிந்தது.

"யம்மாடி, துளி நெடி இல்ல. யாரு கண்ணுன்னு தெரியலியே" என்றாள். எல்லோரும் என்னைப் பரிவாகப் பார்த்தார்கள். என் மடியில் செடி கனத்தது.

"எதிர் வூட்டுக்காரரு தெனம் பாக்கறேன்னு சொன்னாரு" என்றேன்.

எல்லோரும் திரும்பி எதிர்மாடியைப் பார்த்தார்கள். அங்கே அவருடைய வேட்டி மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் தென்னங்கன்றை வைத்தேன். கடலூர் திரும்பியதும் என் ஆர்கிட்டை எடுத்து வாசல் வெயிலில் மாட்டினேன், பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று. நாலு மாதத்தில் தண்டின் நுனியில் மொட்டு வைத்திருக்கிறது. ஏழு மொட்டுகள்.

படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. உன்னுடையது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அன்னிக்கி நெடி வராததுலேர்ந்து இவளுக்கு பயம் மாமா. புது வூட்டுல மாடிப்படிக்கு அடியில மாட்டி வெச்சிருக்கா. யாரு கண்ணும் படாதுல்ல?"

வாசலில் என் மொட்டுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"நல்ல எடம்தான்" என்றேன்.