போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு

குரும்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், அண்டை நாடுகள் மனித உரிமைக்காகச் சேர்ந்து செயல்படுவது பற்றிக் கூட்டம் நடந்தது. டெல்லியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அரியலூர் கோர்ட்டில் வக்கீலான நான் அன்று மொழிபெயர்ப்பாளர். பெரம்பலூர் அகதிகள் முகாமிலிருந்து எனக்குப் பழக்கமான ஒரு பெண்ணைப் பேச அழைத்துப் போயிருந்தேன்.

சிறுமியாகப் படகில் வந்தவள். பேச்செல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு. சண்டை முடிந்ததும் அவள் அம்மா மட்டும் மன்னாருக்குத் திரும்பிவிட்டாள். இப்போது படுத்த படுக்கை. இவள் மகள் இங்கே நர்சிங் படிக்கிறாள். அம்மாவைப் பார்க்கப் போகலாம், ஆனால் போனால் திரும்பி வர அனுமதி கிடைக்காது.

மத்தியானம் முழுக்கக் கூட்டத்தின் அறிக்கையில் ஒரு வார்த்தைக்காக வாதம் நடந்தது. 'அகதிகள்' என்று எழுதுவதா, 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதுவதா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ரெண்டுல எதை எழுதுனா போயிட்டு வரலாம்க்கா?" என்று கேட்டாள்.

அன்று முகாமில் ஆள் சரிபார்க்கும் நாள். பொழுது சாய்வதற்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று, பேசத் தன் முறை வருவதற்கு முன்பே கிளம்பி பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போன பிறகு நான் எழுந்து, தாய் தகப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்ப இரண்டு அரசும் வழி செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அது அந்தப் பக்கம் முடிவு செய்ய வேண்டியது என்றார் டெல்லிக்காரர். கொழும்பிலிருந்து வந்தவரும் அதையேதான் சொன்னார். இருவருமே நல்லவர்கள். வரி சேரவில்லை. அது இல்லாத அறிக்கையை மேடையில் தமிழில் வாசித்தது நான்தான். கை தட்டினார்கள். அந்த வரிக்காகப் பேசியதை மட்டும் பிறகு அவளிடம் சொன்னேன்.

மழைக்காலத்தில் அவள் அம்மா இறந்துபோனாள். அடக்கத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னாரில் போனைப் பிடித்திருந்த சித்தி, யார் அது என்று விசாரித்தாள். இவள் போனை என் முகத்துக்குத் திருப்பினாள்.

"நம்ம அம்மாவுக்காக மீட்டிங்ல பேசுன அக்கா, சித்தி."

அந்தச் சித்தி கல்லறைப் பக்கத்தில் நின்றபடி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னால் கையைத் தூக்க முடியவில்லை.