கிடா எங்கள் பக்கம் திரும்பிய சாயங்காலம்

இன்றைக்குக் காந்தி மார்க்கெட்டில் என் கத்தரிக்காய் மூட்டை இறங்கினால் மற்ற மூட்டைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடை உரம் ஒரு பிடி போட்டவனில்லை நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் இந்தத் தொழிலில் முதல் வெற்றி எனக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது!

அது ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம், அப்பாவின் தோட்டத்துக்கும் தாய்மாமா தோட்டத்துக்கும் நடுவே ஒரே வரப்பு. அந்த வருஷம் எங்கள் கத்தரி காய்க்கவே இல்லை. மண் சோர்ந்து கிடந்தது. சித்திரையில் ராமநாதபுரத்திலிருந்து கீதாரி ஆட்டுமந்தையை ஓட்டிவந்தார். ராத்திரி மந்தையை நிலத்தில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண் தெம்பாகும். அதுதான் கிடை. ஊரெல்லாம் கிடை போட்டு முடித்து, மறுநாள் அவர் ஆறு தாண்டிப் போகிறார். மிச்சம் ஒரே ராத்திரி.

கீதாரிக்குச் சோறு எங்கள் வீட்டில், மோர் மாமா வீட்டில். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டார் மனுஷன்.

“மச்சான், உங்க நிலத்துல படுத்தா ஆடு இளைச்சுப் போயிடும்” என்றார் மாமா.

“உங்க நிலத்துல படுத்தா அதுக்கும் வாய் நீண்டுடும் மாப்ளே” என்றார் அப்பா. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் அம்மா உள்ளே போய்விட்டாள்.

கீதாரி முண்டாசை அவிழ்த்து முகம் துடைத்தார். “நான் சொன்னா ஒருத்தருக்கு வருத்தம். மணி கட்டுன கிடா முன்னால போவுது. அது எந்தப் பக்கம் இறங்குதோ, அங்கதாங்க கிடை.”

அப்பாவின் முகம் செத்துவிட்டது. மாமா நிலத்தில் பச்சைக் கடலைக்கொடி பரப்பிக் கிடந்தது. எங்களதில் காய்ந்த கத்தரி மிளார்தான். ஓடினேன் பாருங்கள்! கிணற்றடி அகத்தியில் ஏறி, ஒரு கொத்து ஒடித்து, டவுசர் கிழிய இறங்கி, கிடாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். நின்றது. முகர்ந்தது. கொத்தை நீட்டியபடி நான் பின்பக்கமாகவே நடக்க, கழுத்து மணி குலுங்கக் குலுங்க என்னைத் துரத்தியது.

“டேய் மருமவனே! போங்காட்டம்டா இது!” என்று மாமா கத்துகிறார். யார் கேட்டது? மந்தை முழுக்க ஆற்று வெள்ளமாய் எங்கள் நிலத்தில் இறங்கியது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தார். மந்தையில் நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு குட்டிக்கு அப்போதே ‘பொட்டு’ என்று பெயரும் வைத்துவிட்டேன்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் ஓர் ஆடு இல்லை. நிலம் பூராவும் புழுக்கை. நான் ஜெயித்துக் கொடுத்த மந்தையைக் கீதாரி திருடிக்கொண்டு போய்விட்டார் என்று ஓவென்று அழுதேன். அப்பாவோ குனிந்து, இரண்டு கையாலும் புழுக்கையை அள்ளி, முகத்தருகே வைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், அப்படிச் சிரித்தார்.

அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, மாமாவைக் கூப்பிட ஓடினேன்.